வல்லாரைத் தயிரும் பச்சை மரக்கறித் தட்டும்

யாழ்ப்பாணத்தில் பச்சை மரக்கறித் தட்டுக்கு ஆள் வருவது ஆவணியில். அதற்கேற்ற மரக்கறி வருவது தையிலும் மாசியிலும். இந்தத் தொழிலின் முதல் தலையிடி இதுதான். நல்லூர்க் கந்தன் கொடியேறும் காலத்தை ஒட்டி ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து குடும்பங்கள் வந்திறங்கும். ஆடி கழியட்டும் என்று பார்த்திருந்து, ஆவணி பிறந்ததும் கலியாணம், சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம் எல்லாவற்றையும் விடுமுறை முடிவதற்குள் ஒப்பேற்றிவிடப் பார்க்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் வடையையும் றோல்ஸையும் ஒரு கடி கடித்து வைத்துவிட்டு, குச்சி குச்சியாய் வெட்டின கரட்டும் தொட்டுக்கொள்ள ‘டிப்’பும் எங்கே என்று கேட்கும். வெளியே சோழகம் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருக்கும். தோட்டங்களில் கிணறு இறங்கியிருக்கும்.

அந்தத் தட்டை அடுக்கிக் கொடுப்பதைத் தொழிலாய் வைத்திருக்கும் சமையற்காரர் ஒருவர் குடாநாட்டில் இருக்கிறார். கொழும்பில் பெரிய ஹொட்டேல் ஒன்றின் குளிர்ச் சமையலறையில் கத்தி பிடித்துப் பழகியவர். அடுப்பே இல்லாத அறை அது. சலாது, பழம், பாலாடைக்கட்டி, சோஸ் வகை எல்லாம் அங்கேதான் உருவாகும். சூடு காட்டிப் பிழையை மறைக்க அங்கே வழியில்லை. வாடின இலை வாடின இலையாகவே மேசைக்குப் போகும். போர் முடிந்து பாதை திறந்த பிறகு ஊருக்குத் திரும்பியவருக்கு, கொழும்பில் படித்ததில் கத்தி வேலை மட்டும்தான் அப்படியே உதவியது. மற்றதையெல்லாம் இங்கத்தைய வெயிலும் தண்ணீரும் கோயில் நாட்காட்டியும் திருப்பி எழுத வைத்தன.

கொழும்பில் அவர் கடைந்த பச்சைச் சோஸுக்கு ஒரு நாடகக் கதை உண்டு. 1923இல் சான் பிரான்சிஸ்கோவின் பலஸ் ஹொட்டேலில் தலைமைச் சமையற்காரராய் இருந்த பிலிப் ரோமர், ஜோர்ஜ் ஆர்லிஸ் என்ற நடிகருக்கு விருந்து வைத்தபோது செய்தது. ஆர்லிஸ் அப்போது நடித்துக்கொண்டிருந்த நாடகத்தின் பெயர் ‘தி கிரீன் கொடெஸ்’, பச்சைத் தேவி. இமயமலையில் ஓர் இராச்சியத்தைக் கற்பனை செய்து வில்லியம் ஆர்ச்சர் எழுதியது. அதில் ஆர்லிஸுக்கு ராஜா வேடம். மயோனைஸ், நெத்தலி, பார்ஸ்லி, டாரகன் சேர்ந்த அந்தச் சோஸுக்கும் தேவியின் பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்கப் பிள்ளைகள் இன்றைக்குக் கரட்டைத் தோய்க்கிற ‘ரான்ச்’ இன்னும் பிந்தியது. அலாஸ்காவில் குழாய் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த ஸ்டீவ் ஹென்சன் தன் ஆட்களுக்குக் கலக்கிக் கொடுத்த மோர்ச் சோஸ் அது. 1950களில் கலிபோர்னியாவில் சாந்தா பார்பராவுக்குப் பக்கத்தில் ஹிடன் வலி என்ற பண்ணை விடுதியைத் தொடங்கி, அங்கே வந்தவர்களுக்கும் அதைப் பரிமாறினார். 1972இல் குளோரொக்ஸ் நிறுவனம் 80 லட்சம் டொலருக்கு அதை வாங்கியது. சலவைத்தூளும் கிருமிநீக்கியும் விற்கிற நிறுவனம் மோருக்கு அவ்வளவு காசு கொடுத்தது என்றால், தொட்டுச் சாப்பிடுகிற ஆசைக்கு அமெரிக்காவில் எவ்வளவு கிராக்கி இருந்திருக்க வேண்டும்!

யாழ்ப்பாணத்துக்கு இந்த இரண்டும் சரிவரவில்லை. நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மச்சச் சட்டி பரணுக்குப் போய்விடும். மச்சத்தில் முட்டையும் அடக்கம். மயோனைஸ் முட்டையில் நிற்பது, பச்சைத் தேவி முட்டையிலும் நெத்தலியிலும் நிற்பது. கூட்டம் வருகிற நேரத்தில் இரண்டும் மண்டபத்து வாசற்படி ஏற முடியாதவை. வேறு மாதமாய் இருந்தாலும் பச்சை முட்டையில் கடைந்த சோஸை 30 பாகைக்கு மேல் கொதிக்கிற பந்தலில் வைக்க இந்தச் சமையற்காரர் சம்மதிக்க மாட்டார். போத்தலில் வரும் முட்டையில்லாத மயோனைஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். மாவும் சீனியும் வினாகிரியும் சேர்ந்த அந்தத் தித்திப்புக்கு நல்ல கரட்டைக் காவு கொடுப்பது பாவம்.

வழி காட்டியவர் தேங்காய் திருவ வந்த கோண்டாவில் அக்கா ஒருவர். “தம்பி, உதுக்கு ஏன் போத்தல்? வல்லாரைச் சம்பலைத் தேங்காய்ப்பூ இல்லாமல் தயிரிலை குழைச்சு விடுங்கோவன்” என்றார். அவர் ஒன்றும் புதிதாய்ச் சொல்லவில்லை. வெள்ளரிக்காயைக் கொத்தி, வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, தயிரோ தேங்காய்க் கட்டிப்பாலோ விட்டு, தேசிப்புளி பிழிந்து வைக்கிற பச்சடி எந்த வீட்டிலும் உண்டு. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, கட்டிப்பாலில் பிசைந்து, வெங்காயம் போட்டுப் புளி விடுகிற சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலும் உண்டு. கொழுப்பு, இலையின் பச்சை வாசம், புளிப்பு, பச்சையாய்க் கடிபடும் மரக்கறி என்று ரோமரும் ஹென்சனும் தேடின நாலும் அங்கே இருந்தன. பச்சடியில் மரக்கறி தயிருக்குள் கிடக்கும். தட்டில் இரண்டும் தனித்தனியே நிற்க வேண்டும். வேலையெல்லாம் அந்தப் பிரிவினையில்தான்.

பிரித்து வைப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. மரக்கறிக்குள் தண்ணீர் நிற்க வேண்டும், தோயலுக்குள் நிற்கக் கூடாது. சோஸ் நீர்த்தால் கரட்டில் பிடிக்காமல் வழிந்து பட்டுச்சேலையில் விழும். கரட்டில் நீர் வற்றினால் அது வளையும், கடித்தால் சத்தம் வராது. சத்தம் வராத கரட்டை யாரும் இரண்டாவது தரம் எடுப்பதில்லை.

தயிரில் தொடங்குவோம். பசுப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு, எருமைப்பாலில் ஏழெட்டு. புரதமும் எருமைப்பாலில் கூட. அதனால் எருமைத் தயிர் கத்தி வைத்து வெட்டலாம் போல உறையும். வன்னிப் பக்கத்தில் இருந்து மண்சட்டியில் வரும் எருமைத் தயிர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மண்சட்டியே கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதையும் அப்படியே எடுத்துவிடுவதில்லை. கொதிதண்ணியில் அவித்துக் காயவிட்ட பழைய வேட்டித் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் பாத்திரத்துக்கு மேலே தொங்கவிட்டு, ஓர் இரவு வடியவிட வேண்டும். பெட்டிக்கு வெளியே, ஆணியில் தொங்கவிட்டால் யாழ்ப்பாணத்துச் சூட்டில் விடிவதற்குள் புளித்துப் பல்லுக் கூசும். பசுத்தயிர் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீராய் இறங்கிவிடும். ஒரு கிலோ வாங்கினவருக்கு அரைக்கிலோ கையில் நின்றால் நல்ல தயிர். விலை பேசும்போது இதைக் கணக்கில் எடுக்காதவர் நட்டப்படுவார்.

அடுத்தது இலை. வல்லாரை கிணற்றடி ஈரத்தில் சும்மாவே படரும். சந்தைக்குப் பிடி பிடியாய்க் கட்டி வரும். முற்றின இலை கசக்கும், இளம் இலையில் கசப்புக்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி தெரியும். அதோடு கொத்தமல்லி இலை கொஞ்சம், மின்சி அதிலும் கொஞ்சம். மின்சி கூடினால் எல்லாம் பற்பசை வாசம் அடிக்கும். கிறைண்டரில் போட்டு அடிப்பதை அவர் விரும்புவதில்லை. அடித்தால் நல்ல பச்சை நிறம் வரும், ஆனால் வல்லாரை நசிந்து கசப்பைக் கக்கும், தண்ணீரும் விடும். கூரான கத்தியால், ஈரம் ஒத்தி எடுத்த இலையை ஒரே போக்கில் மெல்லிசாய் அரிய வேண்டும். மொட்டைக் கத்தி இலையை வெட்டாது, நசிக்கும். வல்லாரை அரிந்த பலகை கறுத்திருந்தால் கத்தி மொட்டை என்று அர்த்தம்.

சின்ன வெங்காயம் இல்லாமல் யாழ்ப்பாணத்து வாய்க்கு எதுவும் ருசிக்காது. அரிந்த வெங்காயத்தில் உப்புப் போட்டுப் பிசைந்து, கால் மணித்தியாலம் வைத்து, விடுகிற தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிட்டுத்தான் தயிரில் சேர்க்க வேண்டும். பச்சைமிளகாயில் விதையை எடுத்துவிட வேண்டும், புலம்பெயர்ந்த பிள்ளைகளின் நாக்குக்காக. உள்ளி அரைப் பல்லுக்கு மேல் வேண்டாம். பச்சை உள்ளியின் காரம் நேரம் போகப் போக ஏறும், காலையில் மணமாய் இருந்தது மத்தியானம் நாறும். விரதகாரர் கூடின வீடென்றால் வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் தனிக் கிண்ணம் ஒன்று. அதில் இஞ்சிச் சாறு இரண்டு சொட்டு அந்த இடத்தைப் பிடிக்கும்.

தேசிப்புளியும் உப்பும் கடைசி. இலையின் பச்சை நிறத்தை வைத்திருக்கிற பச்சையத்தின் நடுவில் மக்னீசிய அணு ஒன்று உண்டு. புளிப்புப் பட்டால் அது கழன்றுவிடும், நிறம் சருகுப் பச்சைக்கு இறங்கும். தயிரிலும் புளிப்பு இருக்கிறது என்பதால் இலையை நேரத்தோடு கலப்பதே பிழை. அவர் வடித்த தயிரைத் தனியாகவும் அரிந்த இலையை ஈரத்துணியில் சுற்றித் தனியாகவும் மண்டபத்துக்குக் கொண்டுபோவார். முதல் விருந்தாளி கை கழுவும்போது கலக்கினால் போதும். நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுக் குழைத்தால் மினுக்கம் வரும், தயிரும் கொஞ்சம் இறுகும். பதம் பார்ப்பது லேசு. கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துப் பிடித்தால் உடனே விழக் கூடாது.

தயிர் சாப்பிடாதவர்களுக்குத் தேங்காய் முதற்பாலில் ஒன்று செய்வதுண்டு. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகையில் உருகும். பந்தலில் அது எண்ணெயாய் ஓடும், குளிரூட்டிய மண்டபத்தில் மெழுகாய் இறுகும். ஒரே கலவை, ஒரே நாள், வாசலுக்கு வெளியே ஒரு குணம், உள்ளே வேறு குணம். அதனால் பந்தல் வேலைக்குச் சுட்ட கத்தரிக்காயில் சேர்த்துப் பிசைவார், கத்தரிக்காயின் சதை பாலைப் பிடித்து வைத்திருக்கும். விவசாயத் திணைக்களத்தின் இனப் பட்டியலிலேயே ஊர்ப்பெயரோடு இருக்கும் தின்னவேலி ஊதாக் கத்தரி இதற்குத் திறம். குளிர் மண்டபத்துக்கு ஊறவைத்தரைத்த கஜு சேர்த்தால் இறுகாது. விலைதான் இறுக்கும்.

இனித் தண்ணீரின் மற்றப் பக்கம். அவித்துச் சாப்பிடுகிற ஊரில் பச்சையாய் வைப்பது சில்லறைக் காரியம் இல்லை. நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் யாழ்ப்பாணத்துக்குப் பழைய பகையாளிகள். இரண்டும் தண்ணீரிலும் கழுவாத கையிலும் வருகின்றன. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே குடியிருக்கும் குடாநாட்டில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே பாறையின் வெடிப்புகளைப் பங்கிட்டுக் கொள்கின்றன. தோட்டத்தில் போட்ட யூரியா நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குள் இறங்குவதும் அதே வழியால்தான். சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 சித்திரையில் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. அப்படிப்பட்ட இடத்தில் “எந்தத் தண்ணியிலை கழுவினீங்கள்?” என்று விருந்தாளி கேட்பது நியாயம். பதில் கையில் இருக்க வேண்டும்.

முந்தின காலத்தில் கொண்டிஸ் போட்டுக் கழுவுவார்கள், பொட்டாசியம் பேர்மாங்கனேற்று. ஊதா நிறம் கண்டதும் வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் எவ்வளவு போட்டோம் என்று யாரும் அளந்ததில்லை, இலையும் சில வேளை மண்ணிறமாகும். இப்போது அவர் செய்வது மூன்று பேசின் முறை. முதல் பேசினில் மண் போகக் கழுவல். வல்லாரையை இதில் பிடியாய் முக்காமல், கட்டைப் பிரித்து, தண்டு தண்டாய் அலச வேண்டும், மணல் அடியில் தங்கும். இரண்டாவதில் உணவுக்கென்று விற்கும் குளோரின் கரைசல், லீற்றருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் கணக்கில், ஐந்து நிமிடம். மூன்றாவதில் கொதித்தாறின அல்லது வடிகட்டின குடிதண்ணி. உப்புத் தண்ணியும் வினாகிரியும் புழுவை விழுத்தும், கிருமிக்கு அவற்றை நம்ப முடியாது.

ஐஸிலும் கவனம் வேண்டும். குடாநாட்டில் கட்டி ஐஸ் என்றால் முதலில் மீனுக்குத்தான். விடியக்காலைத் துறைமுகத்துக்குப் போகிற அந்த ஐஸ் குடிக்கிற தண்ணியில் செய்ததென்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. தட்டுக்குக் கீழே, மரக்கறியில் படாமல் குளிர் காட்ட அது ஆகும். வெட்டின கரட்டை ஊறப்போட ஆகாது. அதற்கு வீட்டிலே குடிதண்ணியில் உறையவைத்த ஐஸ்தான்.

வெட்டின குச்சிகளை ஐஸ் தண்ணியில் இருபது நிமிடம் போடுவது அழகுக்காக இல்லை. வாடின கலங்கள் தண்ணீரை உறிஞ்சி மறுபடி விறைக்கும், வளைந்த குச்சி நிமிரும். இரவு முழுக்கப் போட்டால் விறைப்பு இருக்கும், இனிப்பு தண்ணீரோடு போய்விடும். வெளியே எடுத்ததும் துணியில் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரக் குச்சியில் தயிர் பிடிக்காது.

மரக்கறி வாங்க அவர் போவது திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடத்துக்கும். பெரிய வேலை என்றால் சுன்னாகம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, வழுக்கியாறும் மழையோடு வந்து மழையோடு போய்விடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்வது பாறைக்குள் இறங்கிக் கிணறுகளில் நிற்கும். மிச்ச வருடத்துக்குக் கமக்காரரின் முதல் அதுதான். மழை விட்டு வெயில் ஏறாத தை, மாசியில் இணுவில், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலித் தறைகளின் கரட்டும் பீற்றூட்டும் கோவாவும் தக்காளியும் செம்மண் ஒட்டியபடி வந்து குவியும். கரட்டில் தழை நிற்கும். தழையைப் பார்த்தால் பிடுங்கின நேரம் தெரிந்துவிடும். ஆனால் வாங்கின உடனே தழையை ஒடித்துவிட வேண்டும், விட்டால் கிழங்கின் ஈரத்தை அது குடிக்கும்.

ஆவணியில் வருகிற கரட் பெரும்பாலும் நுவரெலியாக் கரட். தம்புள்ளை வழியாய் லொறியில் வரும். மலையிலேயே கழுவி மூட்டை கட்டுகிறபடியால் பளபளவென்று இருக்கும். கழுவின கரட்டுக்கு ஆயுள் குறைவு, வழியில் வெயில் பட்டால் தோல் காய்ந்துவிடும். இரண்டு முனையிலும் பிடித்து வளைத்துப் பார்ப்பார். டக்கென்று முறிந்தால் தட்டுக்கு, வளைந்தால் சாம்பாருக்கு. “அண்ணை, வாங்கிறதெண்டால் வாங்குங்கோ, எல்லாத்தையும் முறிக்காதேங்கோ” என்று வியாபாரி சத்தம் போடுவது சந்தை வழக்கம். முறித்ததற்குக் காசு கொடுப்பதும் வழக்கம்.

மலைநாட்டு மரக்கறி இல்லாமலும் யாழ்ப்பாணம் இருந்திருக்கிறது. 2006 ஆவணியில் ஏ9 வீதி மூடப்பட்டபிறகு, போர் முடிந்து மறுபடி திறக்கும் வரை, கப்பலில் வந்தது போக மிச்சமெல்லாம் குடாநாட்டு மண்ணில் விளைந்ததுதான். அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டால் ஆவணியிலும் எது பச்சையாய்த் தின்னலாம் என்று சொல்வார்கள். பிஞ்சுப் பயற்றங்காய், வெள்ளரிப் பிஞ்சு, கறிமிளகாய், முள்ளங்கி, பிஞ்சு வெண்டி, புளிக்கிற மாங்காய். இப்போது சமையற்காரரின் ஆவணித் தட்டு இவற்றில்தான் நிற்கிறது. கரட் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. பயற்றங்காயை விரல் நீளத்துக்கு ஒடித்து நிறுத்தினால் கரட்டை விடச் சத்தம் கூட. வெண்டி பச்சையாய் வழுவழுக்கும் என்று பயப்படுவார்கள். வெட்டாமல் முழுப் பிஞ்சாய் வைத்தால் வழுவழுப்பு உள்ளேயே இருக்கும். போஞ்சியை மட்டும் பச்சையாய் வைப்பதில்லை. அதில் வயிற்றைக் குழப்புகிற லெக்ரின் புரதம் இருக்கிறது, நல்லாய்க் கொதிக்கிற தண்ணியில் அவிந்து வந்தால்தான் அது அடங்கும். மரவள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பச்சை மரவள்ளியின் சயனைட்டு எந்த வீட்டுக்கும் தெரிந்த கதை.

தைக்கும் பங்குனிக்கும் இடையில் தட்டு வேண்டுகிறவர் அதிட்டக்காரர். அப்போது பனங்கிழங்கும் வரும். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோலுரித்து, நெடுக்கில் பிளந்து, பீலியையும் தும்பையும் எடுத்துவிட்டால் இயற்கையாகவே குச்சி. அவித்த பொருளைப் பச்சைத் தட்டில் வைப்பது இலக்கணப் பிழை என்று கொழும்பில் படிப்பித்தவர்கள் சொல்லக்கூடும். வல்லாரைத் தயிரில் பனங்கிழங்கைத் தோய்த்துத் தின்றவர் இலக்கணம் பேச மாட்டார்.

வெட்டுகிற அளவு சின்னவிரல் தடிப்பு, எட்டுச் சென்ரிமீற்றர் நீளம். அதை விட நீளமாய் வெட்டினால் ஒரு நுனியைக் கடித்துவிட்டு மற்ற நுனியையும் கிண்ணத்தில் விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் கடித்த நுனியையே விடுவார்கள். அதனால் பொதுக் கிண்ணம் வைப்பதை அவர் குறைத்துவிட்டார். சின்னக் குவளையின் அடியில் இரண்டு கரண்டித் தயிர், அதில் நாலைந்து குச்சி நட்டு ஆளுக்கொன்று. பெரிய தட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வீட்டுக்கு, பனையோலைச் சுளகில் வாழையிலை விரித்து அடுக்கி, தயிரைச் சின்னக் கிண்ணங்களில் நிரப்பி, முக்கால் மணிக்கொருக்கால் கிண்ணத்தையே மாற்றிவிடுவார்.

அடுக்குவதில் ஒரு சட்டம் உண்டு. பீற்றூட் கடைசியில். வெட்டின பீற்றூட்டை இரண்டு மூன்று தரம் அலசி, புளித்தண்ணி தெளித்து, உலர்த்தி, முள்ளங்கிக்குப் பக்கத்தில் வராமல் கோவா இலைக் கிண்ணத்துக்குள் வைத்தால்தான் மற்றவை சிவக்காமல் தப்பும். வெள்ளரியின் காம்புப் பக்கத்தை ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்க்காமல் தட்டில் சேர்க்கக் கூடாது. வெயில் காலத்து வெள்ளரியில் கசப்பு ஏறுவது சகஜம், ஒரு கசப்புக் காய் முழுத் தட்டின் பெயரையும் கெடுக்கும். விதைச் சதையை வழித்தெடுத்துவிட வேண்டும், அதில்தான் தண்ணீர்.

அளவு கேட்பவர்களுக்கு: ஆளுக்கு 100 கிராமுக்கு மேல் 150க்குள் மரக்கறி, தயிர் 40 முதல் 50 கிராம். 100 பேருக்கு 12 கிலோ வெட்டின மரக்கறி, 5 கிலோ தோயல். அந்த 12 கிலோவுக்குச் சந்தையில் 16, 17 கிலோ வாங்க வேண்டும். தோல், காம்பு, வளைந்தது, கசந்தது எல்லாம் போகும். யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் இது சோற்றுக்குப் பதில் இல்லை. பந்திக்கு முன்னால் நின்றபடி கொறிக்கிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்து வயிறு நிறையும் என்று எண்ணின சம்பந்தி வீட்டாரும் உண்டு.

2022 பொருளாதார நெருக்கடியில் இந்தத் தட்டுக்கு ஒரு வேடிக்கையான காலம் வந்தது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அடுப்பில்லாமல் செய்கிற சாப்பாட்டைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஆனால் பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அடுப்பில்லாமல் சமாளிக்கிற தொழில் குளிரில்லாமல் சமாளிக்காது. தயிர் வடிக்கப் பெட்டி இல்லை. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி, நடுவில் பானை வைத்துத் தயிரைத் தொங்கவிட்ட வீடுகள் இருந்தன. அதற்கு முந்தின வருடம் வைகாசியில் இரசாயன உரத்தை இறக்கத் தடை போட்டு, கார்த்திகையில் எடுத்தார்கள். கமக்காரர் அதில் நொந்திருந்தபடியால் சந்தையில் கரட்டும் இல்லை, கோவாவும் இல்லை. வல்லாரை மட்டும் யாருடைய தடையையும் கேட்காமல் கிணற்றடியில் படர்ந்தது.

எல்லாம் அடுக்கி வைத்தபிறகும் ஒரு தடை மிஞ்சும். கலியாண வீட்டில் வயதான மாமிமார் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, மாட்டுக்குப் போடுற மாதிரிப் பச்சையாய் அடுக்கி வைச்சிருக்கிறியள்?” என்பார்கள். விளக்கம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. சமையற்காரர் தோயலை ஒரு கரண்டியில் கொடுத்து, “அம்மா, உப்புக் காணுமோ எண்டு ஒருக்கால் பாருங்கோ” என்பார். உப்புப் பார்க்கச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் எந்த அம்மாவும் மறுக்க மாட்டா. பார்த்துவிட்டு, “வல்லாரையோ? புளி கொஞ்சம் காணாது” என்று திருத்தம் சொல்லுவா. அதற்குப் பிறகு அந்தத் தட்டு அவவுடையது. பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பதும் அவதான்.

மேசையில் மிஞ்சின தயிர் இரண்டு மணித்தியாலம் தாண்டினால் கொட்டப்பட வேண்டியது, அதில் தயவு தாட்சண்யம் இல்லை. தொடாமல் பெட்டிக்குள் இருந்தது மறுநாள் வரை நிற்கும், ஆனால் நிறம் மங்கிவிடும், விற்க முடியாது. வடிந்து இறங்கின தயிர்த் தண்ணியில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டால் வெட்டுகிற பொடியள் வேலை நேரத்தில் குடிப்பார்கள். மங்கின தயிரைக் காலைப் புட்டோடு குழைத்துத் தின்பார்கள், செத்தல் மிளகாய்த்தூள் கொஞ்சம் தூவி. அவர்களுக்கு அது தூள் இல்லாமல் இறங்காது.